தனக்கென ஓர் இலச்சினை: ஊரை வைப்பதா, பெயரை வைப்பதா, தொழிலை வைப்பதா?

கேள்வி: நூல் கட்டுநர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் கையால் புத்தகம் கட்டும் தொழில் செய்து வருகிறேன். பழைய புத்தகங்களைப் பிரித்து, கிழிந்த தாள்களை ஒட்டிச் சீராக்கி, ஃபாரம் ஃபாரமாக (மடித்த தாள் அடுக்குகளாக) மீண்டும் தைத்துக் காலிகோ என்ற பருத்தித் துணி ஒட்டிய அட்டை போட்டுக் கொடுப்பது பாதி வேலை. கையால் தைத்த குறிப்பேடுகளைச் செய்து விற்பது மீதி வேலை. என் தந்தையார் கடைக்காரர்களுக்குக் கணக்குப் பேரேடு கட்டிக் கொடுத்தவர். ஊசி பிடிப்பதையும், பசையில் மயில்துத்தம் எவ்வளவு சேர்த்தால் பூச்சி அண்டாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். தையலை முடிக்கும்போது நூலின் நுனியை ஒட்ட அறுத்துவிடாமல் ஒரு விரற்கடை வெளியே விடுவது அவருடைய வழக்கம். பின்னொரு நாள் அந்த ஏட்டைப் பிரித்துக் கட்டுபவருக்குப் பிடிமானம் வேண்டும் என்பார். நானும் அப்படியே செய்கிறேன்.

இதுவரை ஓர் அச்சகத்துக்காக வேலை செய்து வந்தேன். வருகிற தை முதல் என் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்ய முடிவு செய்திருக்கிறேன். அதற்கு ஓர் இலச்சினை வேண்டும். குறிப்பேட்டின் பின்னட்டையில் அழுத்திப் பதிப்பதற்கும், விசிட்டிங் கார்டுக்கும், வாட்ஸ்அப் படத்துக்கும், பார்சலின் மேல் குத்தும் ரப்பர் ஸ்டாம்புக்கும் அதையே பயன்படுத்த எண்ணுகிறேன்.

என்ன வரைவது என்பதில்தான் தயக்கம். கோபுரம் இல்லாமல் மதுரையா என்று தோழிகள் கேட்கிறார்கள். மீனாட்சியின் கிளி, பாண்டியரின் மீன், சுங்குடிப் புள்ளி, திறந்த புத்தகம், ஊசி நூல், என் பெயரின் முதலெழுத்தாகிய 'ம' என்று ஒவ்வொன்றையும் வரைந்து பார்த்தேன். இரண்டு மூன்றைச் சேர்த்து வரைந்தால் எதுவுமே கண்ணில் நிற்பதில்லை. தந்தையாரின் முதலெழுத்து 'சு'. அதை விட்டுவிடவும் மனம் இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வாங்குபவர்கள் இருப்பதால் ஆங்கில எழுத்தில் வைப்பதே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். ஊர், குடும்பம், தொழில், பெயர் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் நான். இவற்றில் எதை முன்னிறுத்துவது, எதை விடுவது? இத்துறையில் இருப்பவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வரைகலைஞர், அண்ணா நகர், மதுரை

வணக்கம் சகோதரி. நீங்கள் வரைந்து பார்த்தவற்றில் கோபுரமும் கிளியும் மீனும் சுங்குடியும் மதுரைக்கு உரியவை. மதுரையில் இருக்கும் எல்லாருக்கும் உரியவை என்பதே அவற்றில் உள்ள சிக்கல். மாசி வீதிகளில் சற்றுத் தொலைவு நடந்தால் நகைக்கடை, பாத்திரக்கடை, தங்கும் விடுதி, மெஸ் என்று எத்தனையோ பெயர்ப் பலகைகளில் கோபுரத்தைக் காணலாம். தமிழ்நாடு அரசின் முத்திரையிலும் கோபுரம் இருக்கிறது. அதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு இது மதுரைச் சரக்கு என்பது விளங்கும். மதுரையில் யாருடையது என்பது விளங்காது. இலச்சினையின் முதல் வேலை ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது. அந்த வேலையைக் கோபுரத்தால் உங்களுக்குச் செய்ய முடியாது. சுங்குடியைப் பொறுத்தவரை அது 2005இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். துணியில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுபவர்களின் உழைப்பு அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. அந்த அடையாளத்தை அவர்களிடமே விட்டுவிடுவதுதான் முறை என்பது என் கருத்து.

திறந்த புத்தகத்தையும் தவிர்த்துவிடுங்கள். பதிப்பகம், நூலகம், பள்ளிக்கூடம், டியூஷன் மையம் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கின்றன. மேலும் உங்கள் தொழில் புத்தகத்தைக் கட்டுவது. புத்தகம் திறந்திருக்கும்போது கட்டியவரின் கைவேலை பெரும்பாலும் உள்ளே மறைந்துவிடுகிறது. முதுகுப் பக்கத்தில்தான் உங்கள் வேலை தெரியும்.

எனவே பெயரின் எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், ஏ என்ற உரோமன் எழுத்தின் இரு கால்களுக்கிடையே டி என்ற எழுத்தை நிறுத்தித் தன் குறியாக வைத்துக்கொண்டார். 1500ஆம் ஆண்டு தேதியிட்ட அவருடைய தன்னுருவ ஓவியத்திலும் அது இருக்கிறது. அவர் ஓவியர் என்பதையோ எந்த ஊர்க்காரர் என்பதையோ அந்தக் குறி சொல்வதில்லை. அவருடைய அச்சோவியங்களைப் போலி செய்தவர்கள் அந்தக் குறியையும் சேர்த்தே போலி செய்தார்கள் என்றால், அதற்கு அந்த மதிப்பைத் தேடிக் கொடுத்தது அவருடைய வேலை. உங்கள் வாழ்க்கை முழுவதையும் இலச்சினைக்குள் அடக்க வேண்டியதில்லை. உங்கள் குறிப்பேட்டை வாங்கிப் பயன்படுத்தியவர் அடுத்த முறை அந்தக் குறியைப் பார்த்ததும் உங்களை நினைத்தால் போதும்.

'ம' உங்களுக்கு வாய்த்த நல்ல எழுத்து. கணக்கு நோட்டில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் முழுக்கக் கறுப்பாக்குவது அல்லது வெள்ளையாக விடுவது என்ற விதியோடு எழுத்துகளை வரைந்து பாருங்கள். இணையதளத்தின் பெயருக்கு முன்னால் தெரியும் சிறு படத்தின் மிகச் சிறிய அளவு அதுதான். 'ண' எழுத்தின் சுழிகள் அந்த அளவில் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். 'ம'வில் மூடிய வளைவு ஒன்றே இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். கறுப்பு வெள்ளையில் நின்ற பிறகே வண்ணத்தைப் பற்றி யோசியுங்கள். ரப்பர் ஸ்டாம்பிலும் அட்டையில் அழுத்தும் அச்சிலும் வண்ணம் உங்களுக்கு உதவிக்கு வராது.

ஆங்கிலமா தமிழா என்ற கேள்விக்கு இலச்சினைக்குள்ளேயே விடை தேட வேண்டாம். இரண்டு எழுத்து முறைகளை ஒரே குறியில் இணைப்பது முடியாத செயலன்று. 2010இல் இந்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியீட்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தேவநாகரி 'ர'வையும் உரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கியிருக்கிறார். ஆனால் அந்த இரண்டும் ஒரே ஒலிக்குரியவை, வடிவிலும் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பவை. 'ம'வும் உரோமன் 'எம்' எழுத்தும் அப்படி இசையா. குறி தமிழில் இருக்கட்டும், அதன் கீழே முழுப்பெயரை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். பெங்களூருக்காரர் அந்தக் குறியை எழுத்தாகப் படிக்காமல் வடிவமாகவே நினைவில் வைத்துக்கொள்வார், அதில் குறையொன்றும் இல்லை.

பதில்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மேலூர்

அன்புள்ள அம்மா, வரைகலைஞர் தம்பி சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் ஊரை அவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் ஊரில் பொருளின் மேல் பெயரையும் குறியையும் இடும் பழக்கம் மிகப் பழையது, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது.

சங்க காலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த செப்புக் காசு சதுரமானது. ஒரு பக்கம் குதிரையும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயரும், மறுபக்கம் மீன் சின்னமும் இருக்கும். அந்த மீனுக்குக் கண் இல்லை, செதில் இல்லை. சில கோடுகளில் மீன் என்று புரிந்துவிடுகிறது. விரல் நுனியில் அடங்கும் காசில் அதற்கு மேல் வரைந்தால் நிற்காது என்பதை அந்தக் கம்மியர் அறிந்திருக்கிறார். பிற்காலப் பாண்டியர் கோயில் விதானங்களில் செதுக்கிய இணைக்கயலுக்கு, அதாவது இரட்டை மீனுக்குச் செதிலும் துடுப்பும் உண்டு, ஏனெனில் அங்கே கல்லில் இடம் இருந்தது. இடத்துக்கும் பொருளுக்கும் தக்கபடி ஒரே சின்னம் எப்படிச் சுருங்குகிறது, எப்படி விரிகிறது என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கீழடி இங்கிருந்து தொலைவில்லை. 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை சென்று வாருங்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' போன்ற பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளோடு, எழுத்து அல்லாத கீறல் குறிகளும் அங்கே உண்டு. அந்தக் கோடுகள் ஓட்டின் கடினத்தோடு போராடி வந்த கோடுகள் என்பது கண்ணுக்குத் தெரியும். எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளும் சேர்ந்துதான் எழுத்தின் வடிவத்தை முடிவு செய்கின்றன. உங்கள் கருவி ஊசி, உங்கள் பொருள் தாளும் துணியும். அவற்றுக்கு ஏற்ற ஒரு 'ம' உங்கள் கையிலிருந்தே வர வேண்டும் என்பதால், கணினியில் உள்ள எழுத்துருவை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்றைக்கும் இந்தப் பழக்கம் அழிந்துவிடவில்லை. வீடு கட்டும் இடத்தில் இறக்கி வைத்திருக்கும் சேம்பர் செங்கல்லைக் கையில் எடுத்தால், நடுவில் உள்ள பள்ளத்தில் சூளைக்காரரின் எழுத்துகள் புடைத்திருக்கும். பாத்திரக்கடையில் சீர்வரிசைக் குடத்தின் கழுத்தடியில் பெயர் வெட்டித் தருபவர், எழுத்தின் வளைவுகளைச் சிறு சிறு புள்ளிகளாகவே அடித்துக்கொண்டு போவார். உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் தந்தையார் பெயர் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

முதலெழுத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பெயரோடு முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. பெயரை முழுமையாக எழுதும் இடங்களில் 'சு' தமிழிலேயே இருக்கட்டும் என்பது என் விருப்பம். குறிக்குள் அதைச் சேர்ப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதில்: அச்சகத் தொழிலாளி, சிம்மக்கல்

அக்கா, நான் வடிவமைப்பாளன் இல்லை. அட்டையில் பெயர் பதிக்கும் வேலையை நாள்தோறும் செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

காலிகோவின் மேல் பதிக்கும்போது துணியின் இழை குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் மெல்லிய கோடு ஆங்காங்கே விட்டுப்போகும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டைத் துணியில் நம்ப வேண்டாம். கோடு மட்டுமின்றி, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடமும் அந்த அளவாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபாயில் (சூட்டில் ஒட்டும் வண்ணத் தகடு) இடைவெளியை மூடிக்கொள்ளும். தோலிலும் வழவழப்பான ரெக்சினிலும் இதைவிட நுணுக்கமாகப் பதிக்கலாம். பிளாக் (அழுத்திப் பதிக்கும் உலோக அச்சு) செய்யக் கொடுக்கும் முன், அதே அளவில் வெள்ளைத் தாளில் அச்செடுத்து, நீங்கள் பயன்படுத்தும் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். பல காலம் பதிக்கப் போகிறீர்கள் என்றால் துத்தநாகத்தை விடப் பித்தளையில் செய்வது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் விளிம்பு மழுங்காமல் நெடுநாள் உழைக்கும்.

இன்னொன்று. இங்குள்ள பல டிடிபி (கணினித் தட்டச்சு) கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்த கோப்பை அவர்களிடம் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடக்கூடும். பெயரையும் குறியையும் அவுட்லைனாக, அதாவது எழுத்துருவை நம்பாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம், அதிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தந்தையார் நூல் நுனியை ஒரு விரற்கடை விட்டு முடிப்பார் என்றீர்களே, அதைப் படித்ததும் நான் சற்று நிறுத்திவிட்டேன். பழைய ஏடுகளைப் பிரிக்கும்போது அறுத்த நுனியைத் தேடித் தேடித் தாளைக் கிழித்துவிடாமல் இருக்க நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இனி வரப்போகிற, யாரென்றே தெரியாத ஒரு தொழிலாளியை நினைத்து ஒருவர் அப்படிச் செய்திருக்கிறார். அது உங்கள் குடும்பத்தின் கைப்பழக்கம். வேறு யாரும் அதைத் தங்களுடையது என்று சொல்ல முடியாது. அதை இலச்சினையில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. வீட்டிலுள்ள பித்தளை அண்டாவில் தந்தையார் பெயரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னது போலப் புள்ளி புள்ளியாகவே வெட்டியிருக்கிறார்கள். சுழி வரும் இடத்தில் புள்ளிகளை நெருக்கியும் நேர்கோட்டில் சற்றே விலக்கியும் அடித்திருக்கிறார் அந்தக் கைவினைஞர். இத்தனை ஆண்டு புழங்கிய பாத்திரத்தில் இதை நான் கவனித்ததே இல்லை.

பிறகு அட்டையில் ஊசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் 'ம'வைத் தைத்துப் பார்த்தேன். 'ம' கையெடுக்காமல் எழுதக்கூடிய எழுத்து என்பதால் ஒரே நூலில் வந்துவிடுகிறது. இடப்பக்க நிமிர்கோட்டைச் சற்றுத் தடிமனாக்கினால் அது புத்தகத்தின் முதுகாகத் தெரிகிறது. அடிக்கோடு அட்டையின் அடி விளிம்பாக அமைகிறது. கடைசியில் வளைவு வந்து முடியும் இடத்தில் நூலின் நுனியை அறுக்காமல், அடிக்கோட்டுக்குக் கீழே சற்று நீட்டி விட்டிருக்கிறேன். 'சு'வைக் குறிக்குள் வைக்க வேண்டும் என்ற ஏக்கம் அந்த நுனியைக் கண்டதும் தணிந்துவிட்டது. முழுப்பெயரில் அது தமிழிலேயே இருக்கும்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. நுனி நீண்டிருப்பதால் எழுத்து வேறொன்றாகப் படிக்கப்படுமோ என்று அஞ்சுகிறேன். அடுத்து, இதைக் கணினியில் சீராக வரைந்து தர ஒருவரிடம் கொடுக்கப் போகிறேன். பின்னாளில் உரிமைச் சிக்கல் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: வழக்கறிஞர், மதுரை

உரிமை பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். வரைந்து தருபவருக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே பதிப்புரிமை முழுவதும் உங்களுக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் உரிமையாளரின் கையொப்பமும் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே காலத்தையும் நிலப்பரப்பையும் தெளிவாகக் குறிப்பிட்டு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தைத்த மூல அட்டையையும், தேதி குறித்த பென்சில் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேன்வா போன்ற தளங்களில் உள்ள ஆயத்த லோகோ மாதிரிகளை எடுத்து மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதே மாதிரியை எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், அதை வணிகக் குறியாகப் பதிவு செய்ய அந்தத் தளத்தின் விதிகளே இடம் தருவதில்லை. உங்கள் குறி நீங்களே உருவாக்கியது என்பதால் அந்தத் தடை இல்லை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி பதிவு செய்ய விரும்பினால், குறிப்பேடுகள் 16ஆம் வகுப்பிலும், புத்தகம் கட்டித் தரும் சேவை 40ஆம் வகுப்பிலும் வரும். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தொடக்கத்திலேயே இரண்டுக்கும் செலவு செய்ய இயலாவிட்டால், எது உங்களுக்குக் கூடுதல் வருமானம் தருகிறதோ அந்த வகுப்பில் முதலில் விண்ணப்பியுங்கள்.

பதில்: வரைகலைஞர், அண்ணா நகர், மதுரை

நீங்கள் சொல்வதை வைத்தே வரைந்து பார்த்தேன். நுனியைக் கீழே நேராக நீட்டினால் எழுத்தின் உறுப்பாகத் தோன்றிக் குழப்பம் வரும். அதைச் சற்றே சாய்த்து, எழுத்தின் கோட்டை விட மெல்லியதாக்குங்கள். எழுத்து வேறு, நூல் வேறு என்பது அப்போது புலப்படும். மெல்லியது என்றாலும் சிம்மக்கல் தம்பி சொன்ன அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடக் கூடாது. குறியின் மொத்த உயரம் பதினைந்து மில்லிமீட்டராக இருந்தால், எழுத்தின் கோடு ஒன்றரை மில்லிமீட்டரும் நுனி 0.7 மில்லிமீட்டரும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டாம்புக்கும் இணையதளச் சிறுபடத்துக்கும் நுனியை இன்னும் குறுக்கித் தடிமனாக்கிய வேறொரு வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஐயா காட்டிய காசு மீனும் விதான மீனும் இதற்கு நல்ல முன்னோடிகள்.

வாட்ஸ்அப் படத்தை வட்டமாக வெட்டிவிடும் என்பதால் நுனி அந்த வட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுப்பெயரைத் தட்டச்சில் வைப்பதாக இருந்தால் முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை ஆகிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை லோகோவிலும் பயன்படுத்தத் தடையில்லை. உங்கள் 'ம' வளைந்து நெளியும் நூலாக இருப்பதால், அதன் கீழே சாய்வில்லாத, அலங்காரமில்லாத எழுத்துரு இருப்பதே பொருத்தம். கணினியில் வரைபவர் தையலின் சிறு ஏற்ற இறக்கங்களை எல்லாம் நேர்ப்படுத்திவிட முனைவார். துளைகளுக்கு இடையிலுள்ள அந்த வேறுபாடுகளை அப்படியே விடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி கோப்பையும் பிடிஎஃப் கோப்பையும் அவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். ஜேபெக் படம் மட்டும் இருந்தால் பிளாக் செய்பவர் அதை மீண்டும் வரைய வேண்டிவரும்.